இரண்டு மணி போட்டோ

"சித்தி, அம்மாவோட அந்தக் கடைசி போட்டோவை எனக்கு அனுப்புறீங்களா?"

நெட்டக்காவின் மகள் கேட்டபோது போன் என் கையிலேயே இருந்தது. சாக்குச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நெட்டக்கா என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஆள் என்னவோ கையில் பிடிக்கிற துடைப்பத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். பன்னிரண்டு வருஷமாகத் தெருக்கூட்டுகிறோம். எனக்குப் பெரிய சாலை, அவளுக்கு அந்தக் கோடியில் மார்க்கெட் சந்து. அவள் வீடும் அந்தப் பக்கம்தான்.

வருகைப் பதிவுக்கு போனில் ஆப் வந்த பிறகு காலை ஆறு மணிக்கு ஒரு போட்டோ, மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததென்று இன்னொன்று. அவளிடம் இருந்தது பட்டன் போன். அதனால் அவள் முகமும் என் போன் வழியாகத்தான் போகும்.

அன்றும் இரண்டு மணிக்கு அவள் போட்டோ போனது. எல்லாரும் வீட்டுக்குப் போயாயிற்று என்று மேஸ்திரியும் கிளம்பிவிட்டார். மகள் தையல் கம்பெனியிலிருந்து வர ஏழு மணியாகும்.

ஐந்தரைக்குக் குப்பை லாரிக்காரர்தான் பார்த்தார். சந்துக் கடைசியில், தள்ளுவண்டிக்குப் பின்னால், தொப்பலாக நனைந்து கிடந்தாள்.

கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கோபப்பட்டார்.

"ரெண்டு மணிக்குக்கூட நல்லாத்தானே சிரிச்சிட்டிருந்தா?" என்று மேஸ்திரி என் பக்கம் திரும்பினார்.

தலையாட்டினேன். ஒன்பது நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகளுக்கு அதுதான் ஒரே ஆறுதல். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறாள், அம்மா கடைசிவரை சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க என்று.

அனுப்பினேன். பாவி, அதையும் செய்தேன்.

அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அம்மாவின் கன்னத்தைத் தடவினாள். இன்னும் பெரிதாக்கினாள். பின்னால் சுவரில் துடைப்பத்தின் நிழல் அழுத்தமாக விழுந்திருந்தது.

"சித்தி, அன்னிக்கு விடிஞ்சதுலேருந்து மழையாச்சே?"

முழங்கால் விட்டுப்போகுதுடி, ஒரு போட்டோவுக்காக உன்னைத் தேடி வந்துட்டுத் திரும்பவும் அவ்வளவு தூரம் நடக்க முடியலடி என்று போன மாதம் நெட்டக்கா கெஞ்சினாள். ஒரு வெயில் நாளில் சுவரோரம் நிற்க வைத்து எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றைய முகமா, போன மாதத்து முகமா என்று ஆப்புக்குத் தெரியாது. தினமும் இரண்டு மணிக்கு அதையேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றும் அனுப்பினேன். மூன்றரை மணி நேரம் அவள் மழையில் கிடந்தாள். ஆப்பில் நான் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் யாரும் தேடவில்லை.

"ஆமா கண்ணு, மழைதான்" என்றேன்.