கேட்ட விலை

காலையிலிருந்து கடையில் இது மூன்றாவது சண்டை.

"இதுக்குப் பேரு குடையா? இதுவழியா வானம் நல்லாத் தெரியுதே. இதுக்கு எட்டு ரூபாயா?"

திரைக்குப் பின்னால் அஜீசா காதைப் பொத்திக்கொண்டாள். வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. புருஷன் ஹபீபுல்லா வாயைத் திறந்தால் அடுப்படிவரை கேட்கும்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் கதவடைப்பு. மூன்றாவது மாசம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பாதி வீடுகளில் ஒரு வேளைதான் உலை வைத்தார்கள். சுவர்க் கடிகாரம், பித்தளை அண்டா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இங்கேதான் வந்தார்கள். வந்தவர்களை ஹபீபுல்லா வாசலிலேயே வைத்து வறுத்தெடுத்தார். சண்டை போடாமல் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பைசா பைசாவாக மல்லுக்கட்டி மேலே வந்த மனுஷன். அது அவளுக்குத் தெரியாதா என்ன? அதுக்காக, இல்லாதவனிடமா?

கேட்டும் பார்த்தாள். "வயித்துப்பாட்டுக்கு விக்க வர்றாங்க. அவங்ககிட்ட இன்னா பேரம்? கேட்டதைக் குடுத்தா குறைஞ்சா பூடுவோம்?"

"உனுக்கு யாவாரம் தெரியாது." அதோடு பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே சுருண்டுவிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அஜீசா கடையில் உட்கார்ந்தாள். இன்றைக்காவது நாலு பேர் மனசு நோகாமல் போகட்டும்.

முதலில் வந்தவன் சிலுவைமுத்து. கம்பெனியில் ஃபிட்டர். ராயபுரம் மாதா கோயில் பேண்டில் கார்னெட் குழல் ஊதுகிறவன். திருநாளன்று அவன் ஊதினால்தான் தேர் நகர்கிற மாதிரி இருக்கும். அந்தக் கார்னெட்டைத் தலையணை உறையில் சுற்றி எடுத்துவந்திருந்தான். தரையைப் பார்த்தபடியே எண்பது ரூபாய் என்றான்.

அஜீசா உறையைப் பிரிக்கவே இல்லை. இழுப்பறையிலிருந்து எண்பதை எடுத்து, மேலே ஐந்தும் வைத்து நீட்டினாள். "புள்ளைங்களுக்கு ஏதாச்சும் வாங்கினு போப்பா."

சிலுவைமுத்து ரூபாயைப் பார்த்தான். பிரிக்காத உறையைப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னா ஏதுன்னு தொறந்துகூட பாக்கலியே பாயம்மா," என்றான் மெதுவாக. "பரவால்ல. கையேந்துற அளவுக்கு நான் இன்னும் வரல."

உறையோடு அதை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

ஐந்து ரூபாய் கூடக் கொடுத்ததற்கா கோபம்? அவள் யோசித்து முடிப்பதற்குள் ஒரு கம்பளி அவளைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. கம்பளிக்குள்ளே ஹபீபுல்லா.

"யோவ், நில்லு. எண்பது ரூபாயா? அந்த ஓட்டைக் குழாய்க்கா? பித்தளை எடைக்குப் போட்டா முப்பது தேறுமா அது?"

நடுத்தெருவில் சிலுவைமுத்து திரும்பினான். "இன்னா பாய் சொன்ன? ஓட்டைக் குழாயா?"

"ஊதுனா காத்து வருமா, எலி வருமா?"

அவ்வளவுதான். உறை ஒரு பக்கம் பறந்தது. கார்னெட் உதட்டுக்குப் போயிற்று. மாதா தேர் கிளம்பும்போது ஊதுகிற மெட்டு வண்ணாரப்பேட்டைத் தெருவில் கிளம்பியது. மாட்டு வண்டி நின்றது. ரிக்‌ஷாக்காரர் காலை ஊன்றினார். துணிக்கடையில் சேலை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். எதிர் டீக்கடை ரஹீம் ஆற்றின டீயைக் கிளாசுக்கு வெளியே ஊற்றிவிட்டார்.

ஊதி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டான் சிலுவைமுத்து. "இப்ப தொண்ணூறு."

ஹபீபுல்லா தலையில் அடித்துக்கொண்டார். நாற்பது என்றார். ஐம்பத்தைந்து என்றார். தன் காய்ச்சல்மேல் ஆணையிட்டு எழுபது என்றார். சிலுவைமுத்து ரெண்டு தடவை உறையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். ரெண்டு தடவையும் கம்பளி பின்னாலேயே போயிற்று. கடைசியில் தொண்ணூறுக்கே முடிந்தது.

"பட்டப்பகல்ல கொள்ளையடிச்சினு போறான், எல்லாரும் பாத்துக்குங்க," என்று அவர் தெருவுக்கே முறையிட்டார். பாயையே கவுத்துட்டியே என்று யாரோ முதுகில் தட்ட, சிலுவைமுத்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுத்தெருவில் நடந்து போனான்.

காய்ச்சல்காரருக்கு டீ கொண்டுவந்த ரஹீம், அஜீசாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாய்க்கு வயசாவுது போல. இந்தக் கதவடைப்பு வந்த நாளா ஒரு பேரத்துலகூட செயிக்க மாட்டேங்கிறாரு."

அஜீசா உள்ளே திரும்பிப் பார்த்தாள். கம்பளி மறுபடி சுருண்டு கிடந்தது.

"மூணு மாசமாவா?" என்று கேட்டாள்.

"ஜுரத்துல படுத்துகினு கீறேன். சும்மா வுடு," என்றது கம்பளி.

வாசலில் ஒரு நிழல் விழுந்தது. டோரதி. அவள் புருஷனுக்கும் அதே கம்பெனிதான். கையில் கரி இஸ்திரிப் பெட்டி. கண்ணை மேலே தூக்காமல் இருபது ரூபாய் என்று முணுமுணுத்தாள்.

அஜீசாவின் கை இழுப்பறைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. பெட்டியை வாங்கினாள். மூடியைத் திறந்து பார்த்தாள், அடியைத் தடவிப் பார்த்தாள், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இருபதா? இதைவெச்சுத் தேச்சா துணியில சுருக்கம் போவுமா, துணியே பூடுமா?"

டோரதியின் தலை விருட்டென்று நிமிர்ந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு படி மேலே ஏறி வந்தாள்.

"இன்னாமே சொன்ன?"