ஏழு புரி

மாமனார் தப்பாக அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மருமகள் அதைக் கவனித்துவிட்டாள்.

மேஜைமேல் கிடந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து ரைஃபிள். யானை வேட்டைக்கென்றே செய்த இரட்டைக்குழல். குழலுக்குள் ஒரு ஈயத்துண்டைத் தட்டி இறக்கி மறுபக்கம் எடுத்தால், உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் புரிகள் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். அதை அளந்து, சுடலாமா கூடாதா என்று சான்றிதழ் கொடுப்பதுதான் அந்தப் பட்டறையின் பிழைப்பு.

இந்தக் குழலில் ஏழு புரி. ஒற்றைப்படை. மேட்டுக்கு நேர் எதிரே பள்ளம் வரும். வெறும் மைக்ரோமீட்டரில் பிடித்தால் அளவைக் குறைத்துத்தான் காட்டும். 'வி' பிளாக் என்கிற, பள்ளம் வெட்டிய இரும்புக்கட்டையில் வைத்து அளக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிடும் சங்கதி.

மனுஷர் வெறும் மைக்ரோமீட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்!

"என்ன பெரியவரே, தேறுமா?" துப்பாக்கியின் சொந்தக்காரர் மேஜையைத் தட்டினார். ஆள் ஆறடி. அவர் மனைவி ஸ்டூலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"தேறாது. குழல் இறுக்கம். சுட்டா பிளந்துடும்."

மருமகள் மாமனாரின் கண்ணைப் பார்த்தாள். போன மாதம்தான் அவருக்குக் கண் ஆபரேஷன். பார்வை சரியில்லையா, புத்தியே தடுமாறுகிறதா? சான்றிதழ் தப்பென்று தெரிந்தால் லைசென்ஸ் பறிபோகும். அப்புறம் குடும்பமே நடுத்தெருவில்தான்.

"மாமா, அது ஒற்றைப்..."

"நீ வாயை மூடு!"

அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமனார் ஒரு அதட்டல் போட்டதில்லை. தப்பைச் சொன்னால் இந்த வயசிலும் இவ்வளவு வீம்பா!

"எங்கப்பா முப்பது வருஷம் சுட்டார். அப்ப பிளக்கலையே?" என்று உறுமினார் சொந்தக்காரர்.

"அது அவர் அதிர்ஷ்டம்."

'தகுதியில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி முத்திரை குத்தினார் மாமனார். "தேறாததைத் திருப்பித் தரக்கூடாதுங்க. இது அரசாங்கக் கிடங்குக்குப் போகும்."

"வேற ஆளை வெச்சு அளக்கிறேன். தப்புன்னு தெரிஞ்சது, உன் பட்டறைக்குப் பூட்டுதான்!"

கதவு அதிர அவர் வெளியேறினார். மனைவி பின்னாலேயே ஓடினாள்.

மருமகள் ஈயத்துண்டை 'வி' பிளாக்கில் வைத்து அளந்தாள். இம்மி பிசகவில்லை. அருமையான குழல்.

"மாமா, ஏழு புரி மாமா! நாம மாட்டிக்கப் போறோம். ஓடிப்போய் அவரைக் கூப்பிடறேன், மாத்தி எழுதிக் கொடுத்துடலாம்!"

மாமனார் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். கையில் போன். போலீஸ் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஏழுன்னு எனக்குத் தெரியாதாம்மா? லைசென்ஸ் போனா வேற வேலை பார்த்துக்கலாம். நீ ஈயம் எடுக்க உள்ளே போனப்ப, அந்த ஆள் பெண்டாட்டி காதுல சொன்னான்: 'இந்தத் துப்பாக்கி என் கைக்கு வரட்டும். அப்புறம் நீ எப்படி உங்கம்மா வீட்டுக்கு உயிரோட போறேன்னு பார்க்கிறேன்.'"