கறுப்பு இறங்கும் வரை

எதிர்த்தரப்பு வக்கீல் அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கேட்டார்.

கழற்றிக் கொடுத்தாள்.

எதிர்க் கூண்டில் நின்றவன் உடனே முகமில்லாமல் போனான். கலங்கலாக ஒரு வெள்ளைச் சட்டை. அவ்வளவுதான்.

குவாரி முதலாளியின் மகன். அவள் தம்பி செங்கோடன் மேல் டிப்பர் லாரியை ஏற்றியவன். ஏற்றியது டிரைவர் என்று இப்போது சொல்கிறார்கள். டிரைவரும் ஆமாம் என்கிறான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்தி.

வக்கீல் ஜன்னலுக்குப் போனார். கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கண்ணாடியை வெயிலில் பிடித்தார்.

கறுத்தது.

வெயில் பட்டால் கறுக்கும், நிழலுக்கு வந்தால் வெளுக்கும். அந்த மாதிரிக் கண்ணாடி. நாள் முழுக்க வண்டியில் அலைகிற வேலை அவளுக்கு. அதற்காக வாங்கியது.

"அய்யா பாருங்க. சம்பவத்தன்னிக்கு உச்சி வெயில். இந்தக் கறுப்பப் போட்டுக்கிட்டுத்தான் முகத்தப் பாத்தேங்கிறாங்க."

திரும்பி வந்து கொடுத்தார்.

"போடுங்கம்மா. ஸ்டைலா இருக்கும்."

பின்வரிசையில் சிரித்தார்கள். அரசு வக்கீல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்காகப் பேச வேண்டியவர்.

போட்டாள். கோர்ட்டு இருண்டது. அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைகூடச் சாம்பலாகிவிட்டது.

"எதிர்ல நிக்கிறவர் கண்ணு, மூக்கு தெரியுதா?"

தெரியவில்லை.

"வெயில்ல கறுத்ததக் கொண்டாந்து நெழல்ல மாட்டியுட்டுக் கேட்டா எப்புடிங்க தெரியும்? அன்னைக்கு நான் வெயில்ல நின்னனுங்க. வெயில்ல நல்லாத் தெரியுமுங்க."

"கதை வேண்டாம். தெரியுது, தெரியல. ரெண்டுல ஒண்ணு."

அவருடைய வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து அந்த ஜன்னல் கம்பியில் மோத வேண்டும் போலிருந்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

தெரியல என்றால் எழுதிக்கொள்வார்கள். அதோடு முடிந்தது. அவன் காரேறி வீட்டுக்குப் போவான்.

தெரியுது என்றால் பொய்.

செங்கோடனுக்காகச் சொல்ல உண்மையே இருக்கிறது. பொய் எதற்கு.

கண்ணாடியைக் கழற்றவில்லை.

கறுக்கும்போது சட்டென்று கறுத்துவிடுகிற கண்ணாடி. தெளிவதற்குத்தான் நேரம் எடுக்கும். துடைத்தாலும் திட்டினாலும் அதன் போக்கில்தான் தெளியும்.

"என்னம்மா, தூக்கமா?"

அவள் எதிர்க் கூண்டையே பார்த்தாள்.

"சாட்சி பதில் சொல்லலேன்னு பதிவு பண்ணிக்கலாம், அய்யா."

நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஏம்மா, கேள்வி காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சுங்கய்யா. பாத்துப்போட்டுத்தானுங்க சொல்லோணும். பாத்துட்டிருக்கறனுங்க."

பேனா நின்றது.

சட்டை மறுபடி வெள்ளையானது. காலர் வந்தது. பிறகு தாடை.

வக்கீலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அய்யா, கண்ணாடியக் கழட்டச் சொல்லுங்க."

"போடச் சொன்னது நீங்கதானே" என்றார் நீதிபதி.

மீசை. மூக்கு. இடது புருவம், அதற்கப்புறம் வலது.

கண்ணாடி ஒரு பக்கமாக வெளுப்பதில்லை. அவள் கண்கள் அவனுக்கும் இப்போது தெரிந்திருக்க வேண்டும்.

காலையிலிருந்து கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றவன், தரையைப் பார்த்தான்.

"அவனத் தலையத் தூக்கச் சொல்லுங்கய்யா" என்றாள்.