பீட்டா போட்ட போன்

"இந்தப் போனை இப்படிக் கெடுத்தது யாரு?"

மோட்டார்க்காரர் போட்ட சத்தத்தில், சர்வீஸ் கடையில் நின்றிருந்த மற்ற இரண்டு பேரும் தங்கள் போன்களை எடுத்துப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

"நீங்கதான் சார்," என்றாள் மெக்கானிக் பெண், தலையை நிமிர்த்தாமல். "அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இது பீட்டா, கம்பெனிக்காரங்களே இன்னும் சோதிச்சு முடிக்கல, தினமும் பேசுற போன்ல போடாதீங்கன்னு."

சொன்னாள்தான். ஆனால் ஊருக்கெல்லாம் இரண்டு மாதம் கழித்து வரப்போகிற சாஃப்ட்வேர் தனக்கு இன்றைக்கே, அதுவும் சும்மா கிடைக்கிறது என்றால் விடுகிற ஆளா அவர்? பழைய மோட்டார்களை வாங்கி விற்றே மேலே வந்தவர். எந்த மோட்டாரையும் கழற்றி, உள்ளே கம்பிச்சுருள் கருகிய வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்காமல் வாங்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர், 'இதிலுள்ள ஆபத்துகளை ஏற்கிறேன்' என்று போன் கேட்டபோது ஒரு வரிகூடப் படிக்காமல் கட்டைவிரலால் அமுக்கிவிட்டார்.

"இப்ப என்ன பண்ணுது சார்?"

"என்ன பண்ணலைன்னு கேளு. முதல் நாளே பேங்க் ஆப் திறக்கல. செலவு மிச்சம்னு விட்டேன். அப்புறம் மத்தியானத்துக்குள்ள சார்ஜ் காலி. இன்னைக்குக் காலையிலேர்ந்து எவனுக்குப் போட்டாலும் 'ஹலோ ஹலோ'ங்கிறான். நான் பேசுறது அந்தப் பக்கம் போகவே இல்லையாம்!"

"உங்க சத்தத்துக்குப் போன் எதுக்கு சார்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் போனை மேஜையில் வைத்தார்.

"திங்கட்கிழமை வாங்க. பழையதுக்கு மாத்தித் தரேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் மகள் வந்து நின்றாள். இடுப்பில், அவர் இதுவரை கண்ணால் பார்த்திராத பேத்தி.

இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் அவர் வாயால் வந்ததுதான். மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பக்கத்திலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று சம்பந்தியிடமே பேரம் பேசினார். நூற்றைம்பதை எழுபதாக்கினார். எழுபதை நாற்பதாக்கப் போனபோது சண்டை முற்றி, கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது.

அந்த மகள்தான் முந்தாநாள், வெள்ளிக்கிழமை, போன் செய்திருந்தாள். அவள் "அப்பா" என்று ஆரம்பித்ததும் இவருக்கு இரண்டு வருடச் சரக்கும் மொத்தமாக மேலே வந்துவிட்டது. ஒன்பது நிமிடம். மூச்சு விடாமல். "செத்தாலும் வராதே" என்பதுதான் அதிலேயே மரியாதையான வார்த்தை. அவரே பட்டென்று வைத்தும்விட்டார்.

வைத்த பிறகுதான், அவள் எதற்குக் கூப்பிட்டாள் என்பதே தெரியாது என்று உறைத்தது. திட்ட ஒன்பது நிமிடம் தாங்கிய வாய்க்கு, திருப்பிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தெம்பில்லை.

"வர்றேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதாடி?" என்று மனைவி ஓடிப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பண்ணினேனேம்மா."

மோட்டார்க்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"அந்தக் கூத்தை ஏன் கேக்குற! ஏதோ புதுசாப் போடுறேன்னு போட்டு, இவர் பேசுறது யாருக்குமே கேக்கலையாம். போன் சர்வீஸ்ல கிடக்கு."

மகள் அப்பாவை ஒரு முறை பார்த்தாள்.

"அதானா! அன்னைக்கு உங்க பக்கம் சத்தமே இல்லப்பா. பரவாயில்லையே, அப்பா குறுக்கே பேசாம முழுசும் கேட்கிறாரேன்னு நினைச்சேன். ஏம்ப்பா, நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நானா? குழந்தையைத் தூக்கிட்டு உடனே கிளம்பி வான்னு சொன்னேன்."

இத்தனை வருட வியாபாரத்தில் இவ்வளவு மட்டமான சரக்கை அவர் யார் தலையிலும் கட்டியதில்லை.

"அப்படித்தான் சொல்லியிருப்பீங்கன்னு தெரியும்ப்பா," என்ற மகள், அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கி அவர் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சர்வீஸ் கடைக்குப் போனவர், மெக்கானிக் பெண் சொன்ன கூலியை ஒரு ரூபாய் குறைக்காமல் எடுத்து நீட்டினார்.

அவள் பயந்துவிட்டாள். "உடம்பு எதுவும் சரியில்லையா சார்?"

"வாங்கிக்கம்மா."

"பேக்கப் இல்லாததால உள்ள இருந்த படம், நம்பர் எல்லாம் அழிஞ்சு போச்சு சார். அதுக்குத்தான் பீட்டா வேண்டாம்னு..."

"போனாப் போகுது! அந்தப் பீட்டாவைச் செஞ்சவன் நல்லா இருக்கணும். வெள்ளிக்கிழமை நான் வாய்க்கு வந்தபடி பேசினது மட்டும் அந்தப் பக்கம் கேட்டிருந்தா, என் பேத்தியை நான் பார்த்திருக்கவே முடியாது. உன் பீட்டாதான் காப்பாத்துச்சு."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். அழிப்பதற்கு முன்னால் போனில் பார்த்துக் குறித்து வைத்திருந்த சீட்டை எடுத்துப் படித்தாள்.

"வெள்ளிக்கிழமையா? இல்லையே சார். மைக்கைக் கெடுத்தது ரெண்டாவதா வந்த அப்டேட். அது உங்க போன்ல ஏறினதே சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்குத்தான்."

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"மைக் நல்லாத்தான் இருந்திருக்கு. நீங்க பேசினது ஒரு எழுத்து விடாம அந்தப் பக்கம் கேட்டிருக்கும் சார்."