எந்த ஊரு, எந்தக் கோயில்?

அறை கிடைக்காமல் திரும்பி வந்தவளை மறுநாளே அழைத்துக்கொண்டு, தேனப்பச் செட்டியார் திருமயத்தில் பஸ் ஏறினார். நகரத்தார் விடுதி வாசலில் அவளை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார்.

“கோடை லீவுக்கு ஊர் பார்க்க வந்த எங்க வீட்டுப் பிள்ளைய வெயில்ல நிக்க வச்சியாமே?”

மேனேஜர் பதறி எழுந்தார். “நம்ம ஆளுகளுக்கு மட்டுந்தானுங்களே விடுதி...”

“நம்ம ஆளான்னு தெரிஞ்சுக்க எந்த ஊரு, எந்தக் கோயில்னு கேப்பியே, கேட்டியா?”

“கேட்டேங்க.”

“சொன்னாளா?”

“பிசகில்லாம சொன்னாங்க. ஒங்க வீட்டு விலாசத்தோட.”

“பெறகென்னய்யா?”

“அமெரிக்காவுலேருந்து ஒங்க ஊருப் பள்ளிக்கூடத்துக்குத் தொண்டு செய்ய வந்த வெள்ளைக்காரப் பொண்ணுங்களே அது!”

செட்டியார் பதிவேட்டை அவர் முன்னால் தள்ளினார்.

“ஒரு வருசமா என் வீட்டு எலையில சாப்பிடுறா. எழுதய்யா! பேரு பார்பரா. தகப்பன் பேரு தேனப்பன்.”