ஒரே தவறு, இரண்டு திருத்தம்

லிபி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிரதீஷ் தடுக்கவில்லை.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருந்த அந்த அலுவலகத்தில் ஒரு கோப்புக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் அது. மாலைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஒரே கோப்பை இருவரும் தனித்தனியே திருத்தியிருந்தார்கள். ஒரு வாரமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை. யார் எங்கே கை வைத்தார்கள் என்பது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கப் போனபோது சில இடங்களில் வரிகள் முட்டிக்கொண்டு நின்றன. அந்த இடங்களில் மட்டும் குறி போட்டு சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரு மெஷின்ல இருந்து முடியுங்க," என்றார் டீம் லீடர் நயினார்.

பிரதீஷ் தனியாகச் செய்திருந்தால், குறி கண்ட இடத்திலெல்லாம் தன் வரியை வைத்துவிட்டு எழுந்திருப்பான்.

லிபி இரண்டு கோப்புகளையும் எடிட்டரில் அருகருகே திறந்தாள். இடப்பக்கம் அவளுடையது, வலப்பக்கம் அவனுடையது. வேறுபட்ட வரிகள் நிறம் மாறித் தெரிந்தன.

அவள் அவசரப்படவில்லை. ஒரு வரியை அவனிடமிருந்து எடுத்தாள். அடுத்த இடத்தில் தன்னுடையதை வைத்துக்கொண்டாள். இன்னோரிடத்தில் இரண்டுமே வேண்டியிருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். எதையும் எதற்காக எழுதினான் என்று பார்க்காமல் அவள் தள்ளவில்லை. தான் எழுதியதை இவ்வளவு கவனமாக ஒருவர் படித்து அவன் பார்த்ததில்லை.

குறிகள் தீர்ந்தன. அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

அவள் அசையவில்லை. குறியே இல்லாத இடத்தில், மேலே ஒரு வரியும் வெகு கீழே ஒரு வரியும் நிறம் மாறியிருந்தன.

சிரப் இப்போது இருமடங்கு வீரியத்தில் வருகிறது. கொடுக்கிற அளவைப் பாதியாக்க வேண்டும். அவன் அதைக் கணக்குப் போடும் இடத்தில் பாதியாக்கியிருந்தான். அவள், மருந்துச் சீட்டு அச்சாகும் இடத்தில்.

"ஒரே தப்ப ரெண்டு பேரும் திருத்தியிருக்கோம்," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "இப்பிடியே போனா ரெண்டு தடவ பாதியாகி, பிள்ளையளுக்கு வேண்டியதுல பாதி மருந்துதான் கெடைக்கும்."

அவன் நாற்காலியை மறுபடி முன்னுக்கு இழுத்தான். முட்டிக்கொண்ட இடங்களைப் பற்றி மட்டுமே அவன் கவலைப்பட்டிருந்தான்.

எதை விடுவது என்று அவன் யோசிப்பதற்குள் அவள் தன் வரியை அழித்துவிட்டாள். ஒரு குழந்தையின் எடையைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். அளவு சரியாக வந்தது.

கோப்பு போய்ச் சேர்ந்தது.

சாயங்கால பஸ்ஸில் நல்ல கூட்டம். லிபிக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. பிரதீஷ் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரே வீட்டுக்குப் போகிற இருவரும் அந்த வாரம் முழுக்கத் தனித்தனியாகத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

கண்டக்டர் வந்ததும் லிபி திரும்பி, கூட்டத்துக்குள் தன் புருஷன் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டாள்.

"ரண்டு கிழக்கேகோட்டை," என்றாள்.