எண்பத்திரண்டாவது காய்

“என்ன, என்னை ஏமாளின்னு நினைச்சீங்களா?”

நான் பலகையை ஓங்கி அடித்ததில் குழிகளுக்குள் கொர்கோல் காய்கள் துள்ளின. பல்லாங்குழி மாதிரியான இந்த ஆட்டத்தின் நாரின் நகரப் போட்டியில் மூன்று சுற்று ஜெயித்துவிட்டேன். மூன்றிலும் எதிரே ஆடியவர்கள் வேண்டுமென்றே தோற்றார்கள்.

நடுவர் சாதிர்பேக் சிரித்தார். “கோவிச்சுக்காதீங்கக்கா. போலந்துலேருந்து வந்திருக்கீங்க. விருந்தாளியைத் தோக்கடிச்சா எங்க மானம் என்னாகிறது?”

“ஆறு வருஷமா இங்கேயே குடியிருக்கேன்! இன்னுமா விருந்தாளி?”

“எப்பவுமே விருந்தாளிதான்.”

பல்லைக் கடித்துக்கொண்டு இறுதிச் சுற்றில் உட்கார்ந்தேன். எதிரே புத்தம்புதுக் கம்பளித் தொப்பியோடு ஓர் இளைஞர். ஈவிரக்கமில்லாமல் என் குழிகளைத் துடைத்தெடுத்தார். வெற்றிக்கு வேண்டிய எண்பத்திரண்டாவது காயை அவர் அள்ளியதும், தோற்ற நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ரொம்ப நன்றி தம்பி! இந்த ஊர்ல நீங்க ஒருத்தராவது என்னை உங்கள்ல ஒருத்தியா நினைச்சு ஆடினீங்களே!”

அவர் திருதிருவென்று விழித்தார்.

“நான் இந்த ஊரே இல்லக்கா. நேத்துதான் கசகஸ்தான்லேருந்து வந்தேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஆமா, இங்க இருக்கிறவங்க ஏன் இவ்ளோ மோசமா ஆடுறாங்க? மூணு சுத்தும் சும்மாவே ஜெயிச்சேன்!”